கடைசிக் கம்பத்து வால்வு

வால்வு என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தண்ணிக் குழாயில் இருப்பது தெரியும், மிஞ்சினால் இருதயத்தில் இருப்பது தெரியும். நான் சொல்வது கண்ணாடி வால்வு. மைக் செட்டு ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ரெண்டு தடித்த பாட்டில் மாதிரி நின்றுகொண்டு, வயிற்றுக்குள் கனல் வைத்துக்கொண்டு எரியுமே, அது. தலித் பத்திரிகையில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். எங்கள் சேரிக்குச் சொந்தமாக வந்த முதல் இயந்திரம் அதுதான். டிராக்டர், பம்பு செட்டு, நெல் மிஷின் எல்லாம் ஊர்க்காரர்களுடையது. அதில் நாங்கள் கூலி. இது ஒண்ணுதான் எங்கள் கையில் இருந்தது. அது எப்படி வந்தது, வந்து என்ன பாடுபட்டது என்பதை வேறு யாரும் எழுதப் போவதில்லை.

எங்கள் ஊர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருக்கிறது. பேர் வேண்டாம். அந்த ஜில்லாவில் எந்த ஊர்ப் பேரைப் போட்டாலும் கதை பொருந்தும். என் தாய்மாமன் 1959-ல், பதினாலு வயசில், பறையைத் தூக்க மாட்டேன் என்று சொன்னார். தாத்தா ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்தவர். சாவு விழுந்தால் சோறு தின்கிற கையோடு எழுந்து போகணும். அடித்து முடித்தால் தூரத்தில் நிற்க வைத்துத் துண்டில் நெல்லைக் கொட்டுவார்கள். பறை விடுதலையின் கருவி என்று இன்றைக்கு மேடையில் அடிக்கிறோம், எனக்கும் அதில் சந்தோசம்தான். ஆனால் மாமா சாகும் வரைக்கும் அதைத் தொடவில்லை. "எங்கப்பன் அடிச்ச அடி எனக்குப் போதும்டா" என்பார். தாத்தா உதைத்ததில் டவுனுக்கு ஓடினார். அங்கே ஒரு மைக் செட்டுக் கடையில் சேர்த்துக்கொண்டார்கள்.

சாதி தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார்கள். குழாய் கட்ட மரம் ஏற ஆள் வேண்டும். கூம்பு ஸ்பீக்கரைத்தான் எங்கள் பக்கம் குழாய் என்போம். பனை மரம், தென்னை மரம் என்று உச்சிக்கு ஏறி அதைக் கயிற்றால் கட்டணும். கரண்ட் இல்லாத ஊருக்குப் போனால் பன்னண்டு வோல்ட் பேட்டரியைத் தலையில் சுமக்கணும். ஆசிட் வழிந்து மாமாவின் முதுகில் சட்டை மட்டுமில்லை, தோலும் வெந்திருக்கிறது. சம்பளம் மாசம் 15 ரூபாய். ஆம்ப்ளிஃபயர் மூடியைத் திறக்கிற வேலை மட்டும் அவருக்கு இல்லை.

அதைத் திறந்துவிட்டவர் ஒரு பாய். ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்து அந்தக் கடைக்கு ரிப்பேர் பார்த்தவர். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ரெசிஸ்டர் மேல் போட்டிருக்கும் நிறக்கோடுகள் தெரியவில்லை. முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும். மரம் ஏறுகிற பையனைக் கூப்பிட்டு, "இதுல என்னா கலர்னு சொல்லு" என்றார். பழுப்பு, கருப்பு, மஞ்சள் என்று மாமா சொல்லச் சொல்ல அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ரெண்டு வருசத்தில் அந்தக் கணக்கு மாமாவுக்கும் வந்துவிட்டது. மூணாவது வருசம் பாய் உட்கார்ந்து டீ குடிக்க, மாமா சால்டரிங் அயர்னைப் பிடித்தார். முதலாளிக்கு வேலை நடந்தால் சரி.

மாமா மூணாம் வகுப்பு. எனக்கு வால்வு சொல்லிக்கொடுத்தபோது ஒரு ஆங்கில வார்த்தையும் சொல்லவில்லை. "உள்ள அடுப்பு. அடுப்பு மேல சட்டி. சட்டியச் சுத்தி வேலி. வேலிக்கு அந்தாண்ட தகடு. அவ்ளோதான்டா மருமவனே." பிற்பாடு ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படிப்பு படித்தபோது இதைத்தான் ஹீட்டர், கேத்தோடு, கிரிட், ஆனோடு என்று நாற்பது பக்கத்துக்கு எழுதச் சொன்னார்கள். அடுப்பு என்பது டங்ஸ்டன் கம்பி, 6.3 வோல்ட்டில் எரியும். சட்டி என்பது நிக்கல் குழாய். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு வெள்ளையாகப் பூசியிருக்கும். சுமார் 750 டிகிரிக்குச் சூடானால் அந்தப் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் சட்டியிலிருந்து ஆவி போகிற மாதிரி கிளம்பும். வெளியே கருப்பாக நிற்கிற தகட்டில் 400 வோல்ட் இருக்கும், அது இழுக்கும். தகட்டைக் கருப்பாக்குவது அழகுக்கில்லை, சூட்டை வெளியே விடுவதற்கு. நடுவில் இருக்கிற வேலிதான் சூட்சுமம். மெல்லிய கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய வேலி, சட்டிக்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. பாட்டோ பேச்சோ, மைக்கிலிருந்து வந்து சின்ன வால்வுகளில் கொஞ்சம் பெருகி, கடைசியில் இந்த வேலியில்தான் ஏறும். வேலி எதையும் தூக்குவதில்லை, இழுப்பதில்லை. அதில் இருக்கிற வோல்ட் ஏறி இறங்குகிறபடி, சட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே ஓடுகிற பெரிய கரண்ட் கூடும், குறையும். அந்தக் கரண்ட்தான் டிரான்ஸ்பார்மர் வழியாகக் குழாய்க்குப் போகிறது.

இதெல்லாம் நடக்க உள்ளே காற்று இருக்கக் கூடாது. காற்று இருந்தால் எலக்ட்ரான் போகிற வழியெல்லாம் முட்டும், பூச்சும் கெட்டுப் போகும். ஃப்ளெமிங் 1904-ல் வேலி இல்லாத வால்வைச் செய்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் வேலியைப் போட்டார். போட்டவருக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியவில்லை, உள்ளே கொஞ்சம் வாயு இருக்கணும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியில்லை, முழுக்க உறிஞ்சணும் என்பதை அமெரிக்கக் கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்கள் 1912, 13 வாக்கில் நிரூபித்தன. அதற்கப்புறம்தான் வால்வுக்குச் சத்தம் போடுகிற பலம் வந்தது.

பெரிய வால்வில் இன்னொரு தொல்லை உண்டு. வேகமாக வந்து தகட்டில் விழுவது தகட்டிலிருந்து வேறு எலக்ட்ரான்களைத் தெறிக்க வைக்கும், பாறை மேல் தண்ணி கொட்டினால் தெறிக்கிற மாதிரி. தெறித்தது நடுவில் இருக்கிற ரெண்டாவது வேலிக்குப் போய்விடும், சத்தம் கெடும். 1926-ல் ஹாலந்து பிலிப்ஸ் கம்பெனியில் டெல்லகன் என்பவர் மூணாவது வேலி ஒன்றைப் போட்டு, தெறித்ததைத் திரும்பத் தகட்டுக்கே விரட்டினார். கம்பெனி அதைக் காப்புரிமையால் கட்டிப் போட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியின் புல், ரோடா என்ற ரெண்டு பேர் 1933-ல் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடினார்கள். ரெண்டு வேலிக் கம்பிகளையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நிழல் விழுகிற மாதிரி நேராக வைத்து, எலக்ட்ரானைப் பட்டை பட்டையாகச் சேர்த்து அனுப்பினார்கள். அந்த நெரிசலே தெறித்ததைத் திருப்பி அனுப்பிவிடும், மூணாவது வேலி தேவையில்லை. அந்த யோசனையில்தான் 1936-ல் அமெரிக்காவில் 6 எல் 6 வந்தது, மறு வருசம் இங்கிலாந்தில் கே.டி. 66 வந்தது. மூணு வேலிக்காரர்களின் பக்கம் 1950-களில் இ.எல். 34 புழக்கத்துக்கு வந்தது. எங்கள் மாமாவின் செட்டு இ.எல். 34 ஜோடி.

இந்தச் சரித்திரம் மாமாவுக்குத் தெரியாது. ஆனால் 6 எல் 6 சாக்கெட்டில் இ.எல். 34 போடணும்னா ஒண்ணாம் காலையும் எட்டாம் காலையும் சேர்த்துப் பத்த வைக்கணும் என்று தெரியும். மூணாவது வேலி ஒண்ணாம் காலில் வருகிறது, அதைச் சட்டியோடு சேர்க்கவில்லை என்றால் அது அந்தரத்தில் நிற்கும். கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எட்டு புள்ளி வைத்து, "ஒண்ணையும் எட்டையும் கட்டு" என்று எழுதி வைத்திருந்தார். எழுத்துப் பிழை இருக்கும், கணக்குப் பிழை இருக்காது.

வால்வு பேசும் என்பார். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி பூசின மாதிரி ஒரு திட்டு இருக்கும். அது பேரியம், மிச்சமிருக்கிற காற்றைத் தின்பதற்காக வைத்தது. அந்த வெள்ளி பால் மாதிரி வெளுத்துப் போனால் கண்ணாடி எங்கேயோ விட்டுவிட்டது, காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணாடியின் உள்சுவரில் நீலமாக ஒரு மினுக்கு ஆடினால் பயமில்லை. தகட்டுக்கும் சட்டிக்கும் நடுவில் ஊதாவாகப் படர்ந்தால் வாயு. தகடே சிவந்தால்தான் ஆபத்து. பத்து நிமிசத்தில் வால்வும் போகும், டிரான்ஸ்பார்மரும் போகும். இதில் எல்லா மெக்கானிக்கும் ஏமாறுவார்கள். சிவந்த வால்வைப் பிடுங்கிப் புதுசு போடுவார்கள், அதுவும் சிவக்கும். குற்றம் வால்வில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிற காகித கன்டென்சர் ஒழுகி, வேலிக்குப் போகக் கூடாத வோல்ட்டைப் போக விட்டிருக்கும். அந்தக் கன்டென்சர் காசு பெறாது. "எது செவக்குதோ அதத்தான் எல்லாரும் அடிப்பான்" என்பார் மாமா.

1970-களின் கடைசியில் முதலாளி டிரான்சிஸ்டர் செட்டுக்கு மாறினார். அது கனமில்லை, போட்டவுடனே பேசும், பேட்டரியைக் குடிக்காது. மாமாவுக்கு ஒரு வருசச் சம்பளப் பாக்கி இருந்தது. அதற்குப் பதிலாகப் பழைய நாற்பது வாட் வால்வு செட்டு, ரெண்டு குழாய், ஒரு மைக், தட்டு சுற்றுகிற பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கோ என்று கொடுத்தார். முதலாளிக்குக் குப்பை ஒழிந்தது. மாட்டு வண்டியில் வைத்துச் சேரிக்குள் கொண்டு வந்த அன்றைக்கு எங்கள் பாட்டி ஆரத்தி எடுத்தாள்.

அப்போது சேரிக்கு லைட்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊர் முழுக்கச் சுற்றி, பம்பு செட்டுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற கரண்ட் கடைசிக் கம்பத்தில் எங்களுக்கு வரும். 230 வர வேண்டிய இடத்தில் 160 வந்தால் அதிகம். அப்போது 6.3 வோல்ட் அடுப்புக்கு 4.2 வோல்ட்தான் போகும். சட்டி காயாது, ஆவி கிளம்பாது. குழாயில் எல்.ஆர். ஈஸ்வரி சளி பிடித்தவள் மாதிரி பாடுவாள். அடுப்புக் காயாமல் ஓட்டினால் பூச்சும் கெட்டு வால்வுக்கு ஆயுசு குறையும். ஊர்க் குழாய் கணீர் என்று கேட்கும், எங்கள் குழாய் முனகும். "பறப் பசங்க ரேடியோவும் அப்படித்தான் பாடும்" என்று சிரித்தார்கள்.

மாமா டிரான்ஸ்பார்மரின் 240 முனையிலிருந்து ஒயரைப் பிடுங்கி 200 முனையில் போட்டார். அதே 160-க்கு அடுப்பில் 5 வோல்ட் வந்தது. குரல் திறந்தது. ஆனால் ராத்திரி ஊர் விளக்கணைத்துத் தூங்கப் போனதும் வோல்டேஜ் 240-க்கு எகிறும். அப்போது 200 முனையிலேயே விட்டுவைத்தால் அடுப்பில் ஏழரை வோல்ட். "ஏழரை வந்தா ஏழரை புடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு, விடிய விடிய ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே டெஸ்ட் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல்பு வெளிச்சம் ஏறினால் செட்டை நிறுத்தி, முனை மாற்றி, மறுபடி போடுவார். கல்யாண வீட்டில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள்.

1979 ஆடி மாசம் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நடந்ததைச் சொல்லணும். எனக்கு ஒன்பது வயசு. டவுனில் இன்னொரு கடையிலிருந்து செட்டு வந்திருந்தது, அதுவும் வால்வு செட்டுதான். கூட வந்த பையன் எங்கள் ஆள் இல்லை, அதனால் மண்டபத்துக்குள்ளேயே வைத்து ஓட்டினான். சாமி புறப்படுகிற நேரம் செட்டு படுத்துவிட்டது. பையன் ரெண்டு வால்வு மாற்றிப் பார்த்தான், ரெண்டும் சிவந்தது. "செட்டுக்காரன கூப்புடுங்கடா" என்று ஆள் வந்தது. மாமாவுக்கு ஒரு பேர் உண்டு, அதை ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா கோயிலுக்குள் போக முடியாது. அதனால் ஆம்ப்ளிஃபயர் வெளியே வந்தது. நாலு பேர் தூக்கிவந்து தெருவைத் தாண்டிப் புளிய மரத்தடியில் வைத்தார்கள். நான் டார்ச் அடித்தேன். தோளில் இருந்த துண்டை அவர்களைப் பார்த்ததும் கக்கத்தில் இடுக்கினார், அப்புறம் அதையே நாலாக மடித்து, தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற சூட்டில் இருந்த வால்வைப் பிடுங்கினார். கன்டென்சரை மாற்றினார், வால்வைத் திரும்ப மாட்டினார், ஐந்து நிமிசம் காய விட்டுத் தகட்டைப் பார்த்தார். சிவக்கவில்லை. "எடுத்துப் போங்க சாமி" என்றார்.

அவர் தொட்டதை அப்படியே உள்ளே கொண்டுபோக முடியாதே. ஒரு பெரியவர் மஞ்சத்தண்ணிச் சொம்போடு வந்துவிட்டார். மாமா பதறிப்போய், "சாமி சாமி, காஞ்சி கெடக்குது, தண்ணி பட்டா கண்ணாடி வுட்டுடும், வேற வால்வு எங்கிட்ட இல்ல" என்றார். என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள். ஆற வைத்துவிட்டுத் தெளிப்பது என்று முடிவானது. அரை மணி நேரம் சாமி தேரில் நிற்க, ஊர் முழுக்கப் பாட்டில்லாமல் நிற்க, புளிய மரத்தடியில் அந்த ரெண்டு கண்ணாடியும் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். சுடலாமா சுடாதா என்று மாமாவைத்தான் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் "இன்னும் சுடுது, இன்னும் சுடுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்போது நிஜமாகவே சுடுகிறது என்றுதான் நினைத்தேன். கூலி ரெண்டு ரூபாயைத் தரையில் வைத்தார்கள்.

டிரான்சிஸ்டர் வந்தபின்னும் வால்வு சத்தத்துக்கென்று ஒரு ருசி இருக்கிறது என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. தாங்க முடியாத அளவுக்கு ஏற்றினால் டிரான்சிஸ்டர் அலையின் தலையைக் கத்தியால் சீவின மாதிரி வெட்டும். வால்வு உருட்டி வெட்டும். கேட்க ஒரு கரகரப்பு, தொண்டை கட்டினவன் உயிரைக் கொடுத்துப் பேசுகிற மாதிரி. இந்தக் கரகரப்பை உலகத்துக்குச் சங்கீதமாக்கினவர்கள் கருப்பின மக்கள். காந்தி, நேரு பேசுகிற பழைய போட்டோக்களில் மைக் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று பலகை இருக்கும். பேர்தான் சிகாகோ, மோட்வானி குடும்பத்தின் பம்பாய் கம்பெனி அது. நிஜ சிகாகோவுக்கு மிசிசிப்பி ஸ்டோவால் பண்ணையில் கூலியாக இருந்த மடி வாட்டர்ஸ் 1943-ல் போய்ச் சேர்ந்தார். சாராயக்கடை இரைச்சலில் வெறும் கிட்டார் எடுபடவில்லை, மின்கிட்டாருக்கு மாறினார். அவரும் அவர் கூட்டாளிகளும் அந்தக் காலத்துச் சின்ன ஆம்ப்ளிஃபயர்களை, 6 வி 6, 6 எல் 6 போட்டவற்றை, முழுக்கத் திருகி வைத்து வாசித்தார்கள். எஞ்சினியர்கள் பிழை என்று சொன்ன கரகரப்பு அவர்களுக்குக் குரலானது. வெள்ளைக்காரப் பையன்கள் அதைக் கேட்டு வளர்ந்து, அதே சத்தத்துக்காகப் பெரிய பெரிய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை வாங்கினார்கள். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமான இன்னொரு படம் இருக்கிறது. 1956 அக்டோபரில் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களுக்கு முன்னால் பாபாசாகேப் மைக்கின் முன் நிற்கிற படம். அந்தக் காலத்தில் பொதுக்கூட்டத்துக்குப் போதுமான பலம் உள்ளது வால்வு ஒன்றுதான். அந்தக் குரல் ஏதோ ஒரு வேலியில் ஏறி, ஏதோ ஒரு தகட்டில் இறங்கித்தான் அந்த ஜனங்களுக்குப் போயிருக்கணும். பக்கத்தில் எவனோ ஒருவன் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தகடு சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

எங்கள் சேரியில் 1991 ஏப்ரல் 14-ல், அம்பேத்கர் நூற்றாண்டுக்கு, அந்தச் செட்டைத்தான் கட்டினோம். அதுவரைக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. குழாயின் வாய் ஊரைப் பார்த்து இருக்கக் கூடாது. கல்யாணமோ சாவோ, ஏரிப் பக்கம் திருப்பித்தான் கட்டணும். அன்றைக்குப் பையன்கள் ஒரு குழாயை ஏரிக்கும் ஒரு குழாயை ஊருக்கும் பார்த்துக் கட்டினார்கள். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தில் அவரே ஏறினார், நாற்பத்தாறு வயசில்.

காலையிலிருந்து பாட்டு போட்டோம். ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் கூட்டம். வெளியூரிலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். 1892-ல் வெள்ளைக்காரன் எங்கள் ஜனங்களுக்கென்று ஒதுக்கின பஞ்சமி நிலம், எங்கள் ஊரில் எவ்வளவு, இப்போது யார் கையில் என்பதை ரெக்கார்டு பார்த்து எழுதி வந்திருந்தார். சர்வே எண்ணையும் அனுபவிக்கிறவர் பேரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். மூணாவது எண்ணை வாசிக்கும்போது குழாய் ரெண்டும் நின்றுபோனது. மரத்தடியில் ஒயரை வெட்டிவிட்டார்கள்.

பாட்டு பாடின வரைக்கும் குழாய் ஊரைப் பார்த்ததில் யாருக்கும் குடி முழுகவில்லை. நிலத்தின் நம்பரைச் சொன்னதும்தான் அரிவாள் வந்தது.

ஒயர் போனால் டிரான்சிஸ்டர் செட்டு சும்மா கிடக்கும். வால்வு செட்டு அப்படியில்லை. வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் ஏறுகிற சக்தியை எங்கேயாவது இறக்கியாகணும். இறக்குவதற்குக் குழாய் இல்லையென்றால் அது வந்த வழியே திரும்பும். தகட்டில் 400 வோல்ட் இருந்த இடத்தில் ஆயிரம், அதற்கும் மேலே எகிறும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார வைத்திருந்த பையன் சத்தம் வரவில்லையே என்று வால்யூமைக் கடைசி வரைக்கும் திருகினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். படார் என்று ஒரு சத்தம். சாக்கெட்டில் தகடு வருகிற மூணாம் காலிலிருந்து பக்கத்தில் இருக்கிற ரெண்டாம் காலுக்கு நெருப்பு தாவியது. டிரான்ஸ்பார்மரிலிருந்து தார் உருகிய வாசனை. மேடையிலிருந்து மாமா ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்தது. தோழர் வெறும் தொண்டையில் மிச்ச நம்பர்களை வாசித்து முடித்தார். சேரிக்குக் கேட்டது, ஊருக்குக் கேட்கவில்லை.

போலீசுக்குப் போனோம். "ஒயருதானே போச்சி, ஆளு போவலியே, கொழாயத் திருப்பிக் கட்டிக்குங்க" என்றார்கள்.

அந்த டிரான்ஸ்பார்மரைப் புதுசாக வாங்க எங்களிடம் பணம் இல்லை, கிடைக்கவும் இல்லை. மாமா அதைப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணினார், எண்ணி எண்ணி நோட்டில் கோடு போட்டார். இந்த டிரான்ஸ்பார்மரில் வால்வுப் பக்கத்துச் சுருளையும் குழாய்ப் பக்கத்துச் சுருளையும் தனித்தனியாகச் சுற்றி வைக்க மாட்டார்கள். கொஞ்சம் இது, அதன் மேல் கொஞ்சம் அது, மறுபடி இது என்று அடுக்கியிருப்பார்கள், அப்போதுதான் கீச்சுச் சத்தம் வரைக்கும் தெளிவாக வரும். எந்த அடுக்கில் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் பார்த்துச் சுற்றியது, எல்லாம் எழுதினார். டவுனில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் ராத்திரி கடை சாத்தினபின் அவர்கள் மிஷினில் சுற்றிக்கொள்ள விட்டார்கள். கம்பிக்குக் காசு சேர்ந்தபோது சுற்றுவார், தீர்ந்தால் நிறுத்துவார். எட்டு மாசம் ஆனது. அதே வருசம் டிசம்பர் 6-ல் செட்டு மறுபடி பேசியது.

இந்தத் தடவை மாமா ஒரு வேலை செய்திருந்தார். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குழாய் ஒயர் மாட்டுகிற ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 25 வாட் குண்டு பல்பைப் பத்த வைத்துவிட்டார். பாட்டுக்குத் தகுந்த மாதிரி பல்பு மினுக்கும். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே கூடுவார்கள். விசயம் அதுவல்ல. எவனாவது ஒயரை வெட்டினால், திரும்பி வருகிற சக்தி பல்பில் இறங்கும். டிரான்ஸ்பார்மர் எரியாமல் நிற்க அது போதும். பல்பு சட்டென்று பளிச்சென எரிந்தால் பக்கத்தில் இருப்பவன் வால்யூமைக் குறைக்கணும், நாலு பேர் மரத்தடிக்கு ஓடணும். எந்தப் புத்தகத்திலும் பார்த்து அவர் இதைச் செய்யவில்லை. அதற்கப்புறம் ரெண்டு தடவை வெட்டினார்கள், ரெண்டு தடவையும் செட்டு பிழைத்தது. ஒரு தடவை வெட்டினவனும் மாட்டினான்.

மாமா 2008-ல் செத்துப்போனார். தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்னால் அங்கே பொறுக்கினது, ரிச்சி தெருவில் வாங்கினது, பெங்களூர் பெல் கம்பெனியின் சின்ன வால்வுகள், இங்கிலாந்து மல்லார்டு இ.எல். 34 அட்டைப்பெட்டி பிரிக்காத ஜோடி ஒன்று. 2017-ல் சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். வீட்டில் பாட்டு கேட்க வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறாராம். இப்போது ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்கிற வால்வு இருந்தாலும் பழசுக்கு ஈடாகாது என்றார். அந்த மல்லார்டு ஜோடிக்கு 15,000 ரூபாய் சொன்னார். மாமாவின் மூணு வருசக் கூலியைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. மரியாதையான மனிதர்தான், எங்கள் வீட்டில் காப்பி குடித்தார். செட்டைத் திறந்து காட்டச் சொன்னார். டிரான்ஸ்பார்மர் சுற்றியிருக்கிற நேர்த்தியைப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனி என்று கேட்டார். பின்பக்கம் திருப்பினதும் பல்பைப் பார்த்தார்.

"யாரோ தெரியாம இதப் போட்டிருக்காங்க சார். இது சத்தத்தக் கெடுக்கும். எடுத்துடுங்க" என்றார்.

ஒயரை வெட்டினால் செட்டு எரியாமல் இருப்பதற்கு என்றேன்.

"ஒயரை எதுக்கு சார் வெட்டறாங்க?" என்று கேட்டார்.

உட்கார வைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார், அப்புறம் ஒன்றும் பேசவில்லை. மல்லார்டு ஜோடியை நான் கொடுக்கவில்லை. 6 எல் 6 நாலு இருந்தது, எங்கள் செட்டுக்கு அது வேண்டாம், அதை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

வருசா வருசம் ஏப்ரல் 14-க்குக் கொடியேற்றும்போது அரை மணி நேரமாவது அந்தச் செட்டில்தான் பேசுகிறோம். வால்வுக்குக் கவலை இல்லை, நான் இருக்கிற வரைக்கும் வரும். குண்டு பல்புதான் இப்போது கிடைப்பதில்லை. கடையில் கேட்டால் எல்.இ.டி.யை நீட்டுகிறார்கள். அதில் சக்தி இறங்காது, அது இதற்கு உதவாது. போன மாசம் டவுனில் ஒரு பழைய எலக்ட்ரிக் கடையின் பரணில் 25 வாட் குண்டு பல்பு நாலு இருந்தது. நாலையும் வாங்கி வைத்திருக்கிறேன்.